செருப்புக் காவல்

"தண்ணிப் பந்தலிலை இந்த முறை ஆர் நிக்கினம், பிள்ளை?"

தில்லைநாதன் இதைக் கேட்டது கோயில் மடத்து வாசலில். வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. தெரியாததைக் கேட்கிறவர் ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்பார். இவர் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக் கேட்டார். அப்போதே கமலாசனிக்கு விளங்கிவிட்டது.

"மயில் அணி, மாமா. சுதர்சினியின்ரை அணி."

"உவள் பேச்சியம்மாவின்ரை பெட்டையோ?"

"ஓம்."

"ம்ம்."

ஆறாம் வாய்க்கால் என்ற அந்த ஊரில் எத்தனையோ காரியங்களை முளையிலேயே கிள்ளிப் போட்ட "ம்ம்" அது. தில்லைநாதன் கோயில் பரிபாலன சபையின் தலைவர். கமலாசனிக்குத் தாயின் தமையன். கமலாசனி பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அதோடு சாரணர் படைக்கும் பொறுப்பு. பெடியளும் பெட்டையளுமாக நாற்பது பேர், நாலு அணி.

சாரணியம் என்றால் காட்டுக்குள் தீ மூட்டிச் சுற்றி நின்று பாடுவதென்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆறாம் வாய்க்காலில் அது ஊர்ச் சங்கங்களின் வாசல்களில் கடிதத்தோடு காத்து நிற்கிற வேலை. படைக்கென்று ஒரு கதிரைகூடச் சொந்தமாக இல்லை. கூடாரங்கள் கிடப்பது கோயில் மடத்தில். தண்ணீர் ட்ரம் மாதர் சங்கத்தினுடையது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பினுடையது. பிள்ளைகளின் கையும் காலும் மட்டும்தான் படையினுடையவை.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் தில்லைநாதன். "பெட்டை கெட்டிக்காரி. ஆனால் பார், யாழ்ப்பாணத்திலையிருந்தும் சனம் வரும். விரதகாரர் வருவினம். தண்ணியை வாங்கேக்கை அது ஆற்றை கை எண்டு பாக்கிற சனம் இன்னும் இருக்குதெல்லோ. நானோ பாக்கிறன்? நான் பாக்கிறேல்லை. சனம் பாக்கும்."

சனம்! இந்தச் சனத்தை ஒருவரும் நேரில் கண்டதில்லை. ஒரு கூட்டத்துக்கும் அது வந்ததில்லை, ஒரு கடிதத்திலும் கையெழுத்து வைத்ததில்லை. ஆனால் ஊரில் எந்த அநியாயம் நடந்தாலும் அதன் பேரில்தான் நடக்கும்.

"ஏலாது, மாமா" என்று கமலாசனி சொல்லியிருக்க வேண்டும். இரண்டே இரண்டு சொல். அதற்குப் பதிலாக அவள் கேட்டாள்:

"அப்ப அவையை எங்கை விடுறது?"

"செருப்புக் காவலுக்கு விடு. அதுவும் சேவைதானே. தண்ணிக்கு எங்கடை கோகுலன்ரை அணியை விடு."

கோகுலன் அவருடைய பேரன்.

"இது சுதர்சினியின்ரை விருதுத் திட்டம், மாமா. அவள்தான் தலைமை தாங்கிச் செய்யவேணும். ஊர் அமைப்பு ஒண்டு கடிதம் தரவேணும். ஆவணியிலை அவளுக்குப் பதினெட்டு முடியுது. பிறகு சனாதிபதி விருதுக்குப் போடேலாது."

"கடிதம்தானே? பொங்கல் முடியத் தாறன். தண்ணீர்ப் பந்தல் எண்டே எழுதித் தாறன். எங்கை நிண்டவள் எண்டு கொழும்பிலையிருந்து வந்து ஆரும் பாக்கப்போறானோ?"

கமலாசனி வீட்டுக்குப் போய் வேலைப் பட்டியலைத் திருப்பி எழுதினாள். இரண்டு பெயர்கள்தான் இடம் மாறின. ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை மடத்தில் பட்டியலை ஒட்டி ஒரு நிமிடம் ஆகவில்லை.

"ரீச்சர், பட்டியல் பிழை," என்றாள் சுதர்சினி.

இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை சைக்கிளில் அலைந்திருந்தாள். எத்தனை லீற்றர் தண்ணீருக்கு எத்தனை குளோரின் குளிசை என்று சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு எழுதியது அவள். பவுசர் எத்தனை மணிக்கு வரவேண்டும், தண்ணீர் குடிக்கிற பேணிகளை எத்தனை தரம் அவிக்க வேண்டும், கைப்பிள்ளைக்காரிகள் நிற்க எந்தப் பக்கம் நிழல் விழும், எல்லாம் அவளுடைய கொப்பியில் இருந்தன.

"பிழையில்லை, சுதா. சுழற்சி."

"சுழற்சி எண்டால் நாலு அணியும் சுத்தவேணும். இஞ்சை ரெண்டுதானே மாறியிருக்கு."

கணித ரீச்சரிடமே கணக்கு. பின்னால் நின்ற இன்னோர் அணித்தலைவி கிருசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ரீச்சர், எனக்குத் தண்ணி வேண்டாம்," என்றான் கோகுலன். "எனக்குக் குளிசைக் கணக்குத் தெரியாது. ஊர்ச் சனத்துக்கெல்லாம் வயித்தாலை அடிச்சால் என்னைத்தான் பிடிப்பினம்."

"பகிடி விடாதை, கோகுலன்."

"பகிடியில்லை, ரீச்சர். உண்மையாத்தான் பயமாக் கிடக்கு."

சுதர்சினி சிரிக்கவில்லை. "அணித்தலைவர் சபையைக் கூட்டவேணும், ரீச்சர்," என்றாள்.

அது விதி. எந்த அணித்தலைவர் கேட்டாலும் சபை கூட வேண்டும். நாலு அணித்தலைவர்கள் இருப்பார்கள். பொறுப்பாசிரியர் கதைக்கலாம், கை உயர்த்த முடியாது. சபை தீர்மானித்தால் தீர்மானித்ததுதான். அந்த விதியை அட்டையில் எழுதி மடத்துச் சுவரில் தொங்கவிட்டதும் கமலாசனிதான்.

பாயை விரித்து நாலு பேரும் இருந்தார்கள். அன்றைக்குத் தலைமை நிரோஜனின் முறை. அரும்பு மீசைக்காரன், அதைத் தடவித் தடவிக் கதைக்கிறவன்.

"ரீச்சர், பட்டியலை மாத்தினது ஆர்?"

"நான்தான்."

"ஆர் சொல்லி?"

கமலாசனி பாயின் ஓரத்தை நேராக இழுத்துவிட்டாள்.

"எங்கடை அப்பப்பாவோ?" என்றான் கோகுலன்.

"...ஓம்."

"ஏனாம்?"

"அவருக்கு ஒண்டும் இல்லையாம். சனம்..."

"எந்தச் சனம், ரீச்சர்?" சுதர்சினியின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது என்று கமலாசனி நினைத்தாள். "பேர் சொல்லுங்கோ. அவையின்ரை வீட்டை நானே போய்க் கேக்கிறன்."

"உன்ரை நன்மைக்குத்தான் சுதா நான் ஓமெண்டனான். கடிதம் போயிடும் எண்டுதான். செருப்புக்கு நிண்டாலும் தண்ணீர்ப் பந்தல் எண்டே எழுதித் தாறாராம். எனக்கு உப்பிடி வித்தியாசமெல்லாம் இல்லை எண்டு உனக்குத் தெரியும்தானே."

"தெரியும், ரீச்சர். எங்கடை வீட்டுக்கு மூண்டு தரம் வந்தனீங்கள். மூண்டு தரமும் அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனவா. மூண்டு தரமும் 'வேண்டாமக்கா, சரியான வெயில், சோடா எண்டால் காணும்' எண்டனீங்கள். அம்மா ஒவ்வொரு முறையும் சந்திக் கடைக்கு ஓடினவா. சோடாப் போத்திலை நீங்கள்தான் திறந்தனீங்கள்."



"எனக்கு... சோடா விருப்பம்," என்றாள் கமலாசனி.

"பள்ளிக்கூடத்திலை ஒருநாளும் நீங்கள் சோடா குடிச்சு நான் காணேல்லை, ரீச்சர்," என்றாள் கிருசாந்தி. குத்தவென்று சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். அதுதான் கூடக் குத்தியது.

நிரோஜன் மீசையிலிருந்து கையை எடுத்தான். "சுதாவின்ரை விசயம் எண்டபடியால் சுதா கை உயர்த்தேலாது. மற்ற மூண்டு பேரும் சொல்லுங்கோ."

"பட்டியலிலை உள்ளபடி மயில் அணி செருப்புக்கு," என்றான் கோகுலன். "அதை மாத்தத் தேவையில்லை. எங்கடை மூண்டு அணியும் செருப்புக்கு. அவ்வளவுதான்."

"அப்ப தண்ணிக்கு?"

"சனம் இருக்குதெல்லோ. அப்பப்பாவின்ரை சனம் வந்து ஊத்தட்டும்."

மூன்று கைகள் உயர்ந்தன.

"சுதா, யோசி. உன்ரை கடிதம் போயிடும்," என்றாள் கமலாசனி.

"தண்ணிப் பந்தல் நடத்தினவள் எண்டு எழுதின செருப்புக் காவல்காரியின்ரை கடிதம்தானே, ரீச்சர்? போகட்டும்."

பொங்கலுக்கு முதல்நாள் கமலாசனி ட்ரம் எடுக்க மாதர் சங்கக் கட்டடத்துக்குப் போனாள். பேச்சியம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தும்பும் சாம்பலும் போட்டு ட்ரம்முக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சங்கத்தின் செயலாளர் அவள்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்த பெற்றோருக்கு வன்னியில் பிறந்தவள். இந்த மண்ணின் பேச்சு அவளுக்கு நன்றாக வரும். கோபம் வந்தால் மட்டும் தாயின் பேச்சு வந்துவிடும். அன்றைக்கு வந்திருந்தது.

"எடுத்துட்டுப் போங்க டீச்சர். ஆனா ஒண்ணு, கழுவுனது எங்க கை. சொல்லிப்புட்டேன். அப்புறம் சனம் கேக்கப்போகுது."

"பேச்சியம்மாக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ..."

"ஒக்காருங்க. சோடா வாங்கியாரவா?"

கட்டடத்துக்குள்ளிருந்த பெண்கள் சிரித்தார்கள். கமலாசனி நின்றபடியே நின்றாள்.

"கோயில் வயல்ல களை புடுங்குனது யாரு டீச்சர்? நாங்க. நாளைக்கிப் பானையில போடுற அரிசி அந்த வயலுதானே? அம்மன் அதைச் சாப்பிடும். எங்க புள்ள ஊத்துற தண்ணியக் குடிச்சா இவுங்க தொண்டை அடைச்சிருமாக்கும்!"

"நான் கடிதத்துக்காகத்தான் பயந்தனான், அக்கா. கோயில் தராட்டில் அவளின்ரை விருது..."

பேச்சியம்மா ட்ரம்மை விட்டு நிமிர்ந்தாள். "ஏன், கோயிலு குடுத்தாத்தான் கடிதமா? எங்க சங்கத்துக்குப் பதிவு இலக்கம் இல்லியா? சீல் இல்லியா? பதினோரு வருசமா ட்ரம்மும் தாரோம், சமைச்சும் தாரோம். ஊர் அமைப்புன்னா எங்க நெனைப்பு ஒங்களுக்கு வரவே இல்லியே!"

வரவில்லைதான். எந்த அமைப்போடு சேர்ந்து செய்வது என்று சுதர்சினி முதலில் கேட்டபோது, யோசிக்கவே இல்லாமல் "கோயில்" என்று சொன்னவள் கமலாசனி. கடிதம் எழுதக்கூடியவர்கள் ஒரு பக்கம், ட்ரம் கழுவக்கூடியவர்கள் ஒரு பக்கம் என்று அவளுடைய மண்டைக்குள் ஒரு பட்டியல் முன்பே ஒட்டியிருந்திருக்கிறது. அதைத் தில்லைநாதன் எழுதிக் கொடுக்கவில்லை.

உள்ளேயிருந்து சங்கத் தலைவி ஞானேஸ்வரி வந்தா. ஓய்வுபெற்ற மருத்துவமாது, ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவா.

"பேச்சி கையெழுத்து வைக்கமாட்டாள், பெத்தவள் எண்டபடியால்," என்றா அவா. "நான் வைப்பன். ஆனால் பிள்ளை வேலையைச் செய்யவேணும். பொங்கல் மூண்டு நாளும் நிண்டு தண்ணி குடுக்கவேணும். செய்யாத வேலைக்கு எங்கடை சீல் விழாது."

"கோயில் வளவுக்குள்ளை விடமாட்டினமே, அக்கா."

"அது உன்ரை பாடு."

பொங்கலன்று விடிய ஐந்து மணிக்கே படை வந்துவிட்டது. நாற்பது பேரும், கழுத்துத் துண்டும் சீருடையுமாக, கோபுர வாசலுக்கு வெளியே செருப்பு வைக்கும் இடத்தில் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினால் எட்டுப் பேர் கை நீட்டினார்கள்.

"என்ன தம்பி, செருப்புக்கு ஆமிக் காவல் மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒருவர். "பாட்டாச் செருப்பப்பா, பவுண் இல்லை."

"சேவையிலை பெரிசு சின்னன் இல்லையாம், ஐயா," என்றான் கோகுலன். "எங்கடை அப்பப்பா சொன்னவர்."

தண்ணீர்ப் பந்தலில் ஒருவரும் இல்லை. இரண்டு ட்ரம்மும் நிரம்பி இருந்தன. சுதர்சினி குளிசை போட்டு மூடிவிட்டு வந்திருந்தாள். பரிபாலன சபைக்காரர் இருவர் கொஞ்ச நேரம் ஊற்றிப் பார்த்தார்கள். பிறகு பொங்கலுக்குப் பண்டம் எடுத்துவரும் நேரம் என்று போய்விட்டார்கள். பத்து மணிக்கு வெயில் மண்ணைப் பொரித்தது. மூடியைத் திறந்து கையை முழங்கைவரை விட்டுப் பேணியால் அள்ளத் தொடங்கிவிட்டது ஊர்ச் சின்னப் பிள்ளைகளின் பட்டாளம். ஒரு காவடிக்காரர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டபடி நின்றார். ஆற்றை கை என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏதாவது ஒரு கை வந்தால் போதும் என்று நின்றார்.

தில்லைநாதன் வெறும் மேலில் சால்வையோடு வேகமாக வந்தார்.

"டேய் கோகுலன்! உன்ரை இடம் எங்கை?"

"இதுதான், அப்பப்பா. அணித்தலைவர் சபை இஞ்சை நிக்கச் சொன்னது."

"நான் சொல்லுறன்ரா, போ பந்தலுக்கு!"

"நீங்கள் அந்தச் சபையிலை இல்லையே, அப்பப்பா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தில்லைநாதன் மருமகளைப் பார்த்தார். கமலாசனி தலையைக் குனியவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. அவர் சுதர்சினியிடம் போனார். குரலை இறக்கினார்.

"பிள்ளை, வா. நீ பின்னாலை நிண்டு நிரப்பு. முன்னாலை கோகுலன் குடுக்கட்டும். இந்தா, கடிதம் எழுதியே வைச்சிருக்கிறன்." வேட்டி மடியிலிருந்து எடுத்தார். கோயில் முத்திரையோடு, கையெழுத்தோடு, நல்ல கடிதம்.

சுதர்சினி அதை முழுவதும் வாசித்தாள். பிறகு திரும்பவும் முதல் வரிக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு அந்த விருது எவ்வளவு வேண்டும் என்று கமலாசனிக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியிருக்கும் புதுக்காணிப் பக்கத்தில் இதுவரை ஒருவரும் அதை வாங்கியதில்லை.

"இதிலை 'தலைமை தாங்கி நடத்தினார்' எண்டு கிடக்கு, ஐயா," என்றாள். "பின்னாலை நிண்டால் அது பொய். திருத்தித் தாங்கோ. 'இவரின் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது என்றபடியால் இவரைப் பின்னால் மறைத்து நிறுத்தினோம்' எண்டு எழுதி, இதே சீலைக் குத்துங்கோ. நான் இப்பவே போய் நிக்கிறன்."

"வாயைப் பார் வாயை! தோட்டக்காட்டு வாய்!"

சொல்லிவிட்டார். ஐந்து நாளாகச் சனத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தது வெளியே வந்து வெயிலில் நின்றது. செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மேளம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. தில்லைநாதன் சால்வையால் வாயைத் துடைத்தார்.

சுதர்சினி கடிதத்தை நான்காக மடித்து அவரிடமே நீட்டினாள். கிழிக்கவில்லை. "உங்கடை கடிதம்," என்றாள்.

கமலாசனிக்கு அப்போதுதான் வாய் வந்தது. அது ஐந்து நாள் பிந்தி வந்த வாய்.

"மாமா, அந்த ட்ரம் ரெண்டும் மாதர் சங்கத்தின்ரை. பவுசர் கமக்காரர் அமைப்பின்ரை. பேணி நாங்கள் வீடு வீடாச் சேர்த்தது. பந்தல் கிடுகும் தடியும் மட்டும்தான் கோயில்ரை. அதை நீங்கள் வைச்சிருங்கோ. மற்றதை நாங்கள் கொண்டுபோறம்."

"எங்கை கொண்டுபோறாய்?"

"ரோட்டுக்கு."

"அப்ப மடத்திலை கிடக்கிற உன்ரை கூடாரத்தையும் சாமானையும் இண்டைக்கே எடு! ஒரு கயிறுகூட அங்கை கிடக்கக் கூடாது. கொம்மா இருந்திருந்தால் உன்ரை கன்னத்திலை போட்டிருப்பாள்!"

"எடுக்கிறன், மாமா. அம்மா இருந்தாலும் எடுப்பன்."

அந்தக் கூடாரங்கள் இனி எங்கே கிடக்கப்போகின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. மழை வந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

நிரோஜன் விசில் அடித்தான். பத்துப் பேர் செருப்புக்கு நின்றார்கள். பொறுப்பெடுத்த செருப்பை விட்டுப்போக முடியாது. மற்றவர்கள் ட்ரம்மைத் தூக்கினார்கள். தண்ணீரோடு அது அசையவில்லை. பேச்சியம்மாவும் சங்கத்துப் பெண்களும் வந்து தோள் கொடுத்தார்கள். கமலாசனி ஒரு பக்கம் பிடித்தாள். தண்ணீர் தளும்பி அவளுடைய சீருடையெல்லாம் நனைந்தது. கோயில் வளவைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்து மருத மரத்தடியில் இறக்கினார்கள். அது வீதிக் காணி. அங்கே எந்தச் சபைக்கும் தலைவர் இல்லை.

ஞானேஸ்வரி ஒரு கதிரையைப் போட்டு இருந்தா. மடியில் கைப்பை.

"சீல் கொண்டு வந்திருக்கிறியளோ, அன்ரி?" என்றான் கோகுலன்.

"கொண்டு வந்திருக்கிறன். மூண்டாம் நாள் பின்னேரம்தான் எடுப்பன். நீ போய்ப் பேணியைக் கழுவு."

சுதர்சினி முன்னால் நின்றாள். முதலில் வந்தது காவடிக்காரர். மூன்று பேணி குடித்தார். பிறகு ஒரு கைப்பிள்ளைக்காரி, பிறகு கச்சான் கடலை விற்கிறவர். வரிசை வளர்ந்தது. எல்லோரும் வரவில்லை. உதடு வெடித்துக் கிடக்க, மருத மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போனவர்களும் இருந்தார்கள். இப்போது அவர்களுக்கு முகம் இருந்தது. சிலர் கமலாசனிக்குச் சொந்தக்காரர். போகிறவர்களைச் சுதர்சினி கூப்பிடவில்லை.

சனம் கொஞ்சம் ஓய்ந்ததும் கமலாசனி பக்கத்தால் போய், ட்ரம்முக்கு அருகில் கையை நீட்டினாள்.

"சுதா, எனக்கும் ஒரு பேணி தாம்மா."

சுதர்சினி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது. காலையில் இருந்ததில் ஒரு துளி குறையவில்லை.

"வரிசையிலை வாங்கோ, ரீச்சர்."

கமலாசனிக்குச் சுருக்கென்று ஏறியது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால்! தாயின் தமையனையே பகைத்துவிட்டு வந்து நிற்கிறவளுக்கு! ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேச்சியம்மா பேணி கழுவுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பி நடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் இருபது பேராவது இருக்கும். மர நிழல் அதுவரை எட்டவில்லை. அவளுக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரர் சாரணச் சீருடையைக் கண்டு கேட்டார்:

"தங்கச்சி, இந்தத் தண்ணி குடிக்க நல்லதோ?"

"தெரியாதண்ணை," என்றாள் கமலாசனி. "இந்தக் கையாலை நான் இன்னும் குடிச்சதில்லை."